மூக்குக்கு முதலில் தெரிந்த வாயு

பரீட்சைக் காலத்தில் கம்பசுக்கு முன்னால் உள்ள போட்டோகொப்பிக் கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு மணம் ஞாபகம் இருக்கும். பழைய மெஷின் அரை மணித்தியாலம் விடாமல் ஓடினபிறகு வருகிற மணம் அது. மையின் மணமும் இல்லை, சூடான கடதாசியின் மணமும் இல்லை. நீச்சல் தடாகத்துக் குளோரீனைக் கொஞ்சம் ஒத்த, மூக்கின் உள்ளே ஊசிபோலக் குத்துகிற ஒன்று. எங்களில் ஒராள் சின்ன வயதிலிருந்து அதைக் 'கறண்ட் மணம்' என்றுதான் சொல்லி வந்தவர். அது ஓசோன் என்று போன மாதம்தான் எங்களுக்கு விளங்கினது. அந்த மெஷின்களுக்குள்ளே உயர் அழுத்த மின் பாய்கிற கம்பி ஒன்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள வளியில் ஒட்சிசன் மூலக்கூறு உடைந்து, தனி அணு இன்னொரு ஒட்சிசன் மூலக்கூறோடு ஒட்டி, மூன்று அணு கொண்ட ஓசோனாகிறது. மின்னல் வெட்டும்போது வானத்தில் நடப்பதும் இதேதான்.

எங்களுக்கு ஓசோன் என்றால் பள்ளிக்கூடச் சித்திரப் போட்டி. செப்டம்பர் 16 வந்தால் பூமிப் பந்தைக் கீறி, மேலே ஒரு குடையைக் கீறி, குடையில் ஒரு கிழிசலையும் கீறிவிட்டால் ஆறுதல் பரிசாவது நிச்சயம். அந்தக் குடை போட்டோகொப்பிக் கடைக்குள் என்ன செய்யுது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நாங்கள் ஏறக்குறைய 240 வருசக் கதை ஒன்றுக்குள் விழுந்தோம். பாடப்புத்தகத்தில் இருந்தது அதன் கடைசி அத்தியாயம் மட்டும்தான், அதுவும் அரைவாசி.

கதை ஒரு மூக்கில் தொடங்குது. 1785இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் மார்ட்டினஸ் வான் மாரும் என்பவர் பெரியதொரு மின் இயந்திரத்தைச் சுற்றிப் பொறி பறக்க விட்டபோது ஒரு மணம் வந்ததைக் குறித்து வைத்தார். ஆனால் அதை மின்சாரத்தின் மணம் என்று நினைத்து விட்டுவிட்டார். (எங்கட நண்பரின் 'கறண்ட் மணம்' இரண்டு நூற்றாண்டுப் பழைய கொள்கை!) 1839இல் சுவிற்சர்லாந்தின் பேசல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் பிரீட்றிக் ஷோன்பைன் நீரை மின்பகுப்புச் செய்துகொண்டிருந்தார். அதே மணம் நேர் முனையில் மட்டும் வந்தது, எதிர் முனையில் வரவில்லை. மின்சாரத்துக்கு மணம் இருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா மணக்கவேண்டும்? அப்படியானால் இது ஒரு பொருள். அடுத்த வருசம் அதற்குப் பெயர் வைத்தார். 'மணத்தல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன். அது மூன்று ஒட்சிசன் அணுக்களால் ஆனது என்பதை 1860களில் சொரே என்ற விஞ்ஞானிதான் காட்டினார். கால் நூற்றாண்டாக அந்த வாயுவுக்கு அடையாளம் என்று இருந்தது அதன் மணமும், அது செய்யும் வேலைகளும் மட்டும்தான்.

ஷோன்பைன் ஒரு சோதனைத் தாளையும் உருவாக்கினார். பொற்றாசியம் அயடைட்டும் மாப்பொருளும் தோய்த்த கடதாசி. ஓசோன் பட்டால் நீலமாகும், நீலம் கடுமையானால் ஓசோன் கூட. மலிவு, யாரும் செய்யலாம். ஐரோப்பா முழுக்க வைத்தியர்களும் பாதிரிமாரும் வானிலை ஆர்வலர்களும் இந்தத் தாளைக் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு நாளும் குறிப்பெடுக்கத் தொடங்கினார்கள். அது கொலரா காலம். கெட்ட வளிதான் நோயைக் கொண்டுவருது என்று பெரும்பாலான வைத்தியர்கள் நம்பின காலம். ஓசோன் அழுகலை அழிக்கும், ஆகவே ஓசோன் குறைந்த இடத்தில் கொலரா வரும் என்று ஒரு எண்ணம் கிளம்பினது. இதே காலத்தில்தான், 1854இல், ஜோன் ஸ்னோ லண்டனில் ஒரு தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுட்டிக்காட்டி, பிரச்சினை வளியில் இல்லை தண்ணீரில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டவர்கள் குறைவு.

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். ஏனென்றால் ஷோன்பைனுக்கு ஓசோன் கெடுதலானது என்று தெரியும். தான் சுவாசித்தபோது நெஞ்சு நொந்ததையும் மூக்கும் தொண்டையும் புண்பட்டதுபோல எரிந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த வாயுவில் சிறு பிராணிகள் செத்ததையும் பார்த்தார். இருந்தும் ஓசோன் 'ஆரோக்கிய வளி' என்று பேரெடுத்தது. இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் ஓசோன் நிறைந்த காற்று என்று சொல்லி ஆட்களை அழைத்தன. கடற்கரையில் அவர்கள் மணந்தது ஓசோனே இல்லை. பாசியும் கடல் நுண்ணுயிர்களும் வெளிவிடும் ஒரு கந்தகச் சேர்வையின் மணம் அது. காரைநகர்க் கடலோரத்தில் காய்ந்த சாதாளை மணக்குமே, அந்தக் குடும்பத்து மணம். 1910களில் லண்டன் நிலக்கீழ் ரயில் பாதை ஒன்றுக்குள் பயணிகளின் நன்மைக்காக ஓசோன் கலந்த காற்றை அனுப்பிக்கூடப் பார்த்தார்கள். தண்ணீரில் கிருமி கொல்ல ஓசோன் உண்மையிலேயே நல்லது. பிரான்சின் நீஸ் நகரம் 1906 முதல் குடிநீரை அப்படிச் சுத்திகரித்தது, இன்றைக்கும் பல ஊர்களில் அந்த முறை இருக்கு. ஆனால் கிருமியைக் கொல்லுகிற ஒன்று எங்கட நுரையீரலின் கலங்களை மட்டும் விட்டுவிடும் என்று நினைத்தது என்ன நியாயம்? விக்ரோரியா காலத்து ஆட்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்றால், கொரோனாக் காலத்தில் வீட்டு அறையைச் சுத்தம் செய்ய ஓசோன் மெஷின் விற்ற விளம்பரங்கள் எங்கட போன்களுக்கே வந்தன. ஆள் இருக்கிற அறையில் கிருமியைக் கொல்லுமளவுக்கு ஓசோன் இருந்தால், அது ஆளுக்குக் கூடாத அளவு.

அந்தத் தாள் வைத்தியத்தால் கிடைத்த உருப்படியான ஒன்று, நிலத்துக்குப் பக்கத்தில் அந்தக் காலத்தில் எவ்வளவு ஓசோன் இருந்தது என்ற தடயம். தாள் ஈரப்பதனுக்கும் நிறம் மாறும் என்பதால் அதை முழுக்க நம்பேலாது. ஆனால் பாரிசின் மொன்சூரி பூங்காவில் இருந்த நிலையம் 1876 முதல் 1910 வரை வேறொரு இரசாயன முறையில் ஒழுங்காக அளந்தது. 1988இல் இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் கொப்பிகளைத் திரும்ப எடுத்துக் கணக்கிட்டபோது, நூறு கோடிக்குப் பத்துப் பங்கு அளவில்தான் ஓசோன் இருந்ததாக வந்தது. இன்றைக்கு வடவரைக்கோளத்தின் கிராமப்புறங்களில் 30, 40 சாதாரணம். பனிப்பாளங்களில் அகப்பட்ட வளியை வைத்துச் செய்த பிந்திய ஆய்வுகள் கூடின அளவு அவ்வளவு பெரியதல்ல என்று திருத்துகின்றன. கூடினது என்பதில் சண்டை இல்லை.

ஏன் கூடினது? அதற்கு லொஸ் ஏஞ்சலஸ் போகவேணும்.

1943 யூலை 26. இரண்டாம் உலகப்போர். லொஸ் ஏஞ்சலஸ் நகரத்தை ஒரு புகார் மூடினது. ஆட்களுக்குக் கண் எரிந்து தண்ணீர் வந்தது, தொண்டை காறினது. ஜப்பான்காரன் விசவாயு அடித்துவிட்டான் என்று சிலர் பயந்தார்களாம். பிறகு நகரத்தில் இருந்த செயற்கை இறப்பர் மூலப்பொருள் தொழிற்சாலையில் பழி விழுந்தது. அதைக் கட்டுப்படுத்தின பிறகும் புகார் வந்தது. லண்டன் புகார் நிலக்கரிப் புகாரும் மூடுபனியும் சேர்ந்தது, குளிர்காலத்தில் வருவது. இதுவோ நல்ல வெயில் நாளில், மத்தியானத்தில் வந்தது. பக்கத்துத் தோட்டங்களில் கீரையும் சலாது இலையும் வெள்ளி பூசினமாதிரி வெளிறி விழுந்தன. நிலக்கரிப் புகையால் இப்படி ஆகாது என்று விவசாய ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள்.

கண்டுபிடித்தவர் புகை நிபுணர் இல்லை, வாசனை நிபுணர். ஆரி ஹாகன்-சிமித், நெதர்லாந்தில் பிறந்து கால்டெக் நிறுவனத்தில் வேலை பார்த்த உயிர் இரசாயனவியலாளர். அன்னாசிப்பழத்துக்கு அந்த மணத்தையும் ருசியையும் தருவது எந்தச் சேர்வைகள் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்னாசியின் ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிற அதே உபகரணத்தை ஜன்னலுக்கு வெளியே திருப்பி நகரத்து வளியைப் பிடித்தார். 1950களின் தொடக்கத்தில் அவர் சொன்ன விடை இதுதான். கார்ப் புகைக்குழாயிலிருந்தும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வருகிற எரியாத ஐதரோகாபன்கள், எரிதலில் வருகிற நைதரசன் ஒட்சைட்டுகள், இரண்டும் வெயிலில் சேர்ந்து ஓசோனை ஆக்குகின்றன. ஓசோனை எந்த வாகனமும் நேரடியாகக் கக்குவதில்லை. வெயில் அதைச் சமைக்குது.

அவருடைய அளவுகோல் ஒன்றை எங்களுக்குப் பிடித்தது. வளைத்துக் கட்டின இறப்பர் துண்டு. ஓசோன் இறப்பரின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கும், வளைவில் வெடிப்பு விழும். எத்தனை நிமிசத்தில் வெடிக்குது என்று பார்த்தால் ஓசோன் எவ்வளவு என்று தெரியும். லொஸ் ஏஞ்சலசில் கார் ரயர்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்ததற்குக் காரணமும் இதுதான். எண்ணெய்க் கொம்பனிகளின் பணத்தில் ஆய்வு செய்த நிறுவனம் ஒன்று அவருடைய முடிவை மறுத்தது. ஹாகன்-சிமித்துக்குக் கோபம் வந்து, அன்னாசியை அப்படியே விட்டுவிட்டு முழுநேரமாகப் புகாரில் இறங்கினார். 1955இல் அந்த நகரத்தில் நூறு கோடிக்கு 680 பங்கு ஓசோன் பதிவானது. நகரத்தார் தாங்கள் ஆசையாக வாங்கி ஓட்டின கார்தான் காரணம் என்று ஒத்துக்கொள்ள இன்னும் பத்து வருசத்துக்கு மேல் போனது.

சுவாசித்தால் என்ன ஆகும் என்பதும் அங்கிருந்து தொடங்கின ஆய்வுகளில்தான் தெளிவாகினது. ஓசோன் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் முழுதாக நிற்காமல் நுரையீரலின் ஆழம்வரை போகும். போய் அங்குள்ள மெல்லிய மேற்பரப்பை ஒட்சியேற்றும். வெயில் சுட்டமாதிரி உள்ளே அழற்சி. இருமல், ஆழமாக மூச்செடுத்தால் நெஞ்சு நோ, தொய்வுக்காரருக்கு இழுப்பு. ஓடியாடி விளையாடுகிற பிள்ளைகளும் வெளியில் வேலை செய்கிறவர்களும் கூட மூச்செடுப்பதால் அவர்களுக்குத்தான் கூட அடி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, எட்டு மணித்தியால சராசரியில் ஒரு கன மீற்றருக்கு 100 மைக்கிரோகிராம்.

இதுவரைக்கும் கீழேயுள்ள ஓசோன். வளிமண்டலத்தில் நாங்கள் சீவிக்கிற அடிப்பகுதியை, அதாவது மாறன் மண்டலத்தைச் சேர்ந்தது. ஆனால் ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு அதற்கு மேலே, படைமண்டலத்தில் இருக்கு. அங்கே கார் வேண்டாம். சூரியனின் வலுவான கழியூதாக் கதிரே ஒட்சிசனை உடைத்து ஓசோனாக்கும். ஓசோன் கழியூதாக் கதிரைக் குடிக்கும் என்று 1881இல் டப்ளினில் ஹாட்லி காட்டி, சூரிய ஒளியில் அந்தக் கதிர்கள் வெட்டுப்பட்டு வருவதற்கு மேலேயுள்ள ஓசோன்தான் காரணம் என்றார். 1913இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பப்ரியும் புயிசோனும் அதை அளந்து உறுதிப்படுத்தினார்கள். அந்த ஓசோன் முழுவதையும் நிலத்துக்குக் கொண்டுவந்து சாதாரண அமுக்கத்தில் விரித்தால் சராசரி மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான். இரண்டு பத்து ரூபாய்க் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தமாதிரி என்று வையுங்கோ. தோல் புற்றுநோய்க்கும் கண்புரைக்கும் கடல் நுண்பாசியின் அழிவுக்கும் இடையில் நிற்பது அவ்வளவுதான்.

கீழேயுள்ளதை மேலே அனுப்பினால் இரண்டு பிரச்சினையும் தீருமே என்று எங்கட கூட்டத்தில் ஒராள் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. பதில்: கீழேயுள்ள ஓசோன் சில மணித்தியாலத்திலிருந்து சில கிழமைக்குள் எதையாவது தாக்கி முடிந்துபோகும், படைமண்டலத்துக்குப் போய்ச்சேரும் அளவுக்கு உயிரோடு இருக்காது.

மேலேயுள்ளதை அளக்கும் வேலையைப் பழக்கமாக்கினவர் ஒக்ஸ்போர்ட்காரர் கோர்டன் டொப்சன். 1924இல் வீட்டுப் பட்டறையில் நிறமாலை மானி ஒன்றைக் கட்டினார். பிறகு இன்னும் சிலவற்றைக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்பினார். 1928 அளவில் அவை சுவிற்சர்லாந்தின் அரோசா, எகிப்தின் ஹெல்வான், கலிபோர்னியா, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச், அதோடு தமிழ்நாட்டுக் கொடைக்கானல் மலையின் சூரிய ஆய்வுகூடம் என்று பரவின. வெளியூர்களில் எடுத்த ஒளிப்படத் தட்டுகள் ஒக்ஸ்போர்டுக்குப் போய்த்தான் கழுவி அளக்கப்பட்டன. கொடைக்கானலின் எண்கள் சலிப்பானவை. குறைவு, வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. ஐரோப்பாவில் வசந்தத்தில் ஏறி இலையுதிர் காலத்தில் இறங்கும். இந்தச் சலிப்புத்தான் முக்கியமான தடயம். வெயில் அதிகமான எங்கட பக்கத்துக்கு மேலே ஓசோன் உருவாகுது, ஆனால் காற்றோட்டம் அதைத் துருவப் பக்கமாக அள்ளிக்கொண்டு போகுது. இலங்கைக்கு மேலே குடை எப்போதும் மெல்லியது, யாரும் கிழிக்காமலே.

சீ.எஃப்.சீ. கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகப் போவோம். 1928இல் தொமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கின குளோரோபுளோரோகாபன்கள், அதற்கு முன் பிரிட்ஜுகளில் இருந்த அமோனியாவையும் கந்தகவீரொட்சைட்டையும்போல ஆளைக் கொல்லாதவை. 1930இல் மிட்ஜ்லி அதைச் சபை நடுவில் சுவாசித்து ஊதி மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். பெற்றோலுக்கு ஈயம் சேர்த்தவரும் அவரே. 1971இல் ஜேம்ஸ் லவ்லொக் தன் கருவியோடு கப்பலில் அந்தாட்டிக்காப் பக்கம் போய், வழி முழுக்க வளியில் சீ.எஃப்.சீ. இருப்பதைக் கண்டார். கண்டுவிட்டு, இதால் ஆபத்தொன்றும் இல்லை என்றும் எழுதினார். பிறகு வருந்தினார். 1974 யூனில் கலிபோர்னியாவின் மரியோ மொலினாவும் ஷெர்வுட் றோலண்டும் அந்த மூலக்கூறுகள் கடைசியில் எங்கே போய் உடையும் என்று கணக்குப் போட்டார்கள். படைமண்டலத்தில் உடையும், குளோரீன் விடுபடும். ஒரு குளோரீன் அணு ஊக்கியாக நின்று ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை அழிக்கும். உற்பத்திக் கொம்பனிகள் ஆதாரம் கேட்டுக்கொண்டே விற்றன.

அடுத்த வருசம் வந்த ஒரு கட்டுரையை ஏனோ தமிழில் யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. எழுதினவர் வீரபத்திரன் ராமநாதன். மதுரையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாத்தில் பிரிட்ஜ் செய்யும் கொம்பனி ஒன்றில் முதல் வேலைக்குச் சேர்ந்தவர். குளிர்விக்கும் வாயு, அதாவது இதே சீ.எஃப்.சீ., ஏன் ஒழுகுது என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலை பிடிக்காமல்தான் மேலே படிக்கப் போனார். போய், 1975இல், ஒரு சீ.எஃப்.சீ. மூலக்கூறு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளின் அளவுக்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று காட்டினார். காலநிலை மாற்றம் என்றால் காபனீரொட்சைட்டு மட்டும்தான் என்று இருந்த நினைப்பை உடைத்தது, ஒழுகின வாயுவைத் தேடின அந்தப் பெடியன்.

ஆனாலும் இதெல்லாம் கணக்கு. ஓட்டையை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது அந்தாட்டிக்காவில் 1956 முதல் பிரித்தானியர் நடத்தின ஹலி நிலையம். டொப்சனின் மானியை வைத்து, வெளிச்சம் இருக்கிற மாதங்களில் ஒவ்வொரு நாளும் அளவு. இருபத்தைந்து வருசம் ஒன்றும் விசேசமில்லை. இதைத் தொடர்ந்து அளப்பதால் என்ன பிரயோசனம் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ஜொனதன் ஷாங்க்லின் என்ற இளைஞர் 1977இல் வேலைக்குச் சேர்ந்து, தேங்கிக்கிடந்த கையெழுத்துத் தாள்களைக் கணினிக்கு ஏற்றினார். நிறுவனத்தைப் பொதுமக்கள் பார்க்கவரும் நாளுக்காக ஒரு வரைபடம் கீறினார். அவருடைய நோக்கமே, ஓசோன் குறையவில்லை, ஸ்பிறே டின்னால் உலகம் அழியாது என்று சனத்துக்குக் காட்டுவதுதான். கோடு கீழே இறங்கினது. மேலதிகாரி ஜோ பாமன் கருவி பழையதோ என்று சந்தேகப்பட்டு வேறு மானி அனுப்பினார், அதுவும் அதையே சொன்னது. 1960களில் ஒக்டோபர் மாதச் சராசரி 300 டொப்சன் அலகு, அதாவது அந்த மூன்று மில்லிமீற்றர். 1984இல் 200க்கும் கீழ். 1985 மே 16இல் பாமன், கார்டினர், ஷாங்க்லின் மூவரின் கட்டுரை நேச்சர் சஞ்சிகையில் வந்தது.

நாசாவின் செய்மதி 1978 முதல் மேலே நின்று அளந்துகொண்டுதான் இருந்தது. 180க்குக் கீழ் வந்த எண்களுக்கு, நம்பக் கூடாதது என்ற அடையாளத்தை அதன் மென்பொருள் போட்டது. கணினி அவற்றை அழித்துவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவது பிழை. எண்கள் இருந்தன, ஆராய்ச்சியாளர்கள் யோசித்துக்கொண்டும் இருந்தார்கள், முந்தவில்லை. இன்னொராள் முந்தியிருந்தார். ஜப்பானின் சோவா நிலையத்தில் 1982இல் அளந்த ஷிகேரு சுபாச்சி, குறைவான எண்களை 1984இல் கிரேக்கத்தில் நடந்த மாநாட்டில் சுவரொட்டியாக ஒட்டினார். நின்று வாசித்தவர்கள் மிகக் கொஞ்சம். பெயர் மூன்று ஆங்கிலேயருக்குப் போனது. அவர்களிடம் இருந்தது நீண்ட வருசக் கணக்கு, அவரிடம் இருந்தது ஒரு வருசம். நியாயம்தான் என்று எங்களில் சிலர், இல்லை என்று மற்றவர்கள்.

1987 செப்டம்பர் 16இல் மொன்றியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 24 நாடுகளும் ஐரோப்பிய சமூகமும் கையெழுத்து வைத்தன. அதே நாள், சிலியின் பூண்டா அரீனாசிலிருந்து கிளம்பின நாசா விமானம் ஓட்டைக்குள் பறந்து, குளோரீன் சேர்வை ஏறுகிற இடத்திலெல்லாம் ஓசோன் இறங்குவதைப் பதிவுசெய்தது. ஆதாரம் கையில் வர முன்னமே உலகம் கையெழுத்து வைத்தது என்று இதைப் புகழுவார்கள். புகழலாம். ஆனால் அங்கே ஒத்துக்கொண்டது அரைவாசி குறைப்பு மட்டும்தான். இந்தியாவும் சீனாவும் வெளியே நின்றன. இவ்வளவு காலமும் வாயுவைப் பாவித்து வசதியானவர்கள் நீங்கள், பிரிட்ஜ் இப்பதான் எங்கட சனத்துக்கு எட்டுது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் காசு தருவது என்பது அவர்கள் கேள்வி. 1990 யூனில் லண்டனில் கூடினபோது இந்திய அமைச்சர் மேனகா காந்தி இதை விடாமல் கேட்டார். அங்கேதான் பல்தரப்பு நிதியம் உருவாகினது, முழுத்தடையும் முடிவானது. சீனா 1991இலும் இந்தியா 1992இலும் சேர்ந்தன. எங்களைக் கேட்டால் ஒப்பந்தம் உண்மையில் உலக ஒப்பந்தமானது மொன்றியலில் இல்லை, லண்டனில்.

இலங்கை சேர்ந்தது 1989 டிசம்பர் 15. அந்த டிசம்பரில் நாடு எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியாக்களைக் கேட்டுப்பாருங்கோ. தெற்கில் கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டுக்கொண்டிருந்தது, வடக்கு கிழக்கில் இந்தியப் படை இன்னும் நின்றது. கொஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கறண்டே இல்லை. கறண்ட் இல்லாத பிரிட்ஜில் அம்மம்மா உடுப்பு அடுக்கி வைத்த கதை எங்கட வீடுகளில் இருக்கு. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, ஆளுக்கு வருசம் 0.3 கிலோவுக்குக் குறைவாகப் பாவிக்கிற வளர்முக நாடுகளுக்குப் பத்து வருசம் மேலதிக அவகாசம் கொடுத்தது. நாங்கள் அந்தப் பட்டியலில். 2010இல் சீ.எஃப்.சீ. எங்களுக்கும் முடிந்தது.

பலன் தெரியுது. ஐ.நா. விஞ்ஞானிகளின் 2022 மதிப்பீட்டின்படி, உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040 அளவிலும் அந்தாட்டிக்காவுக்கு மேலே 2066 அளவிலும் 1980இன் நிலைக்குத் திரும்பும். ராமநாதன் காட்டின காரணத்தால், இந்த ஒப்பந்தம் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அரைப் பாகையிலிருந்து ஒரு பாகைவரை வெப்பமேற்றத்தையும் தவிர்க்குமாம். நடுவில் களவும் நடந்தது. தடைசெய்த சீ.எஃப்.சீ.-11 கிழக்குச் சீனாவிலிருந்து கசிவதை 2019இல் கண்டுபிடித்தவர்களும் கொரியாவிலும் ஜப்பானிலும் தீவுக் கரைகளில் இருந்து ஒவ்வொரு நாளும் வளியை அளக்கிற நிலையத்துக்காரர்தான்.

சித்திரப் போட்டிக் குடை மெல்ல மெல்லத் தைபடுது. கீழேயுள்ள ஓசோனுக்கு அப்படியொரு உலக ஒப்பந்தம் இல்லை, அதைக் கீறச் சொல்லிப் போட்டி வைப்பவரும் இல்லை. உலக வளியின் நிலை பற்றின அறிக்கை 2021இல் ஏறக்குறைய 4 லட்சத்து 90 ஆயிரம் மரணங்களை இந்த ஓசோனின் கணக்கில் போடுகிறது. ஏறத்தாழ அரைவாசி இந்தியாவில். அது கண்ணுக்குத் தெரியாது. நகர நடுவில் வாகனப் புகையின் நைதரசன் ஒட்சைட்டே அதை உடனே தின்றுவிடும், ஆகவே காற்று போகிற பக்கத்துக் கிராமத்தில்தான் மத்தியானத்துக்குப் பிறகு உச்சம் வரும். புகை விட்டவர் ஒரு இடம், இருமுகிறவர் இன்னொரு இடம். நெல்லும் கோதுமையும்கூட விளைச்சல் குறையும்.

இதை எழுதி முடித்த கையோடு அச்சுப் பிரதி எடுக்க அதே போட்டோகொப்பிக் கடைக்குப் போனோம். அண்ணை, பின்னேரமானால் தலை இடிக்குமோ என்று கேட்டோம். "பதினைஞ்சு வருசமா இடிக்குது தம்பி, கண்ணாடி மாத்த வேணுமெண்டு நினைச்சன்" என்றார். தலையிடிக்கு ஓசோன்தான் காரணம் என்று நாங்கள் சத்தியம் பண்ணேலாது. அந்த அறையில் ஒரு ஜன்னல்தான், அதுவும் பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால். நாலு பேர் சேர்ந்து கட்டுகளை நகர்த்தி அதைத் திறந்துவிட்டு, 26 பிரதிக்குக் காசு குடுத்துட்டு வந்தோம்.